பழைய டிராக்டருக்கு வேறு வண்டியின் ஆல்டர்னேட்டர்

(வானொலியில் ஒலிபரப்பான வேளாண் உரை)



விதையையும் உரத்தையும் பற்றிப் பேசுகிற ஆள், இன்றைக்கு ஒயரைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு விவசாயிக்கு நான் பாதி யோசனை சொன்னேன். மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டதால் அவர் கை வெந்தது. அந்த மீதிப் பாதியை எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

கனகசெட்டிக்குளத்துப் பக்கம் ஒரு பெரியவர். அவரிடம் பழைய டிராக்டர் ஒன்று உண்டு. எஞ்சின் இன்றும் கல்லு மாதிரி இருக்கிறது. ஆனால் மின்சாரம் தருவது பழைய டைனமோ. மல்லாட்டைக் கொல்லையை உழுது முடித்து, சாயங்காலம் சவுக்குக் கட்டை ஏற்றிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருவார். வண்டி மெதுவாகப் போனால் முன்விளக்கு மினுக்கட்டான் பூச்சி மாதிரி ஆகிவிடும். பின்விளக்கு எரிகிறதா இல்லையா என்றே தெரியாது. பேட்டரியும் வருஷத்துக்கு ஒன்று போய்க்கொண்டிருந்தது.

"என்ன சார் பண்றது?" என்று கேட்டார். "டைனமோவைக் கழற்றிவிட்டு கார் ஆல்டர்னேட்டர் ஒன்றை மாட்டுங்க ஐயா, தீர்ந்தது" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவரும் பழைய மாருதி கார் ஆல்டர்னேட்டர் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டார். ஆனால் ஒயர் பழைய ஒயர். டைனமோவிலிருந்து வந்த அதே ஒயரை ஆல்டர்னேட்டரில் சொருகி, டேஷ்போர்டில் இருந்த ஆம்பியர் மீட்டர் வழியாகவே பேட்டரிக்கு விட்டார்கள். ஒரு வாரம் விளக்கு பளீரென்று எரிந்தது. எட்டாம் நாள் ராத்திரி லோடோடு வரும்போது டேஷ்போர்டுக்குக் கீழே கருகல் வாடை, உடனே புகை. பெரியவர் பேட்டரி ஒயரைக் கையாலேயே பிடித்து இழுத்திருக்கிறார். உள்ளங்கை வெந்துவிட்டது. விளக்கு முழுக்க அணைந்த டிராக்டர், பின்னால் கட்டை நீட்டிக்கொண்டிருக்கும் டிரெய்லரோடு, அந்தச் சாலையில் இருட்டில் நின்றது. மகன் வந்து சேரும் வரைக்கும் அவர் வெள்ளைத் துண்டையும் டார்ச் லைட்டையும் ஆட்டிக்கொண்டு நடுரோட்டில் நின்றிருக்கிறார். வேகமாக வந்த லாரி ஒன்று கவனிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் தூக்கம் வராது.

மறுநாள் பார்க்கப் போனேன். "ஆல்டர்னேட்டர் மேல தப்பில்ல சார், எங்களுக்குத்தான் வெவரம் பத்தல" என்றார். நான் பி.எஸ்சி. படித்தவன். மின்சார விதிகளைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன். அதை ஒரு டிராக்டரில் பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. விவரம் பத்தாதது எனக்குத்தான். பிறகு அனுபவமுள்ள ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனை அழைத்துவந்து, மூன்று பேரும் உட்கார்ந்து, முதலிலிருந்து ஒயர் இழுத்தோம். அப்போது பார்த்ததையும் கற்றதையும் வரிசையாகச் சொல்கிறேன்.

டைனமோ வேறு, ஆல்டர்னேட்டர் வேறு

காந்தத்துக்கும் கம்பிச் சுருளுக்கும் இடையே அசைவு இருந்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831-ல் கண்டறிந்தார். டைனமோவும் ஆல்டர்னேட்டரும் அந்த ஒரே விதியில்தான் வேலை செய்கின்றன. வித்தியாசம் எங்கே என்றால், டைனமோவில் மின்சாரம் பிறக்கும் சுருள் சுற்றுகிறது. பிறந்த மின்சாரம் முழுவதும் கார்பன் பிரஷ் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அதனால் அதிகம் எடுக்க முடியாது, வேகமும் வேண்டும்.

ஆல்டர்னேட்டரில் இது தலைகீழ். மின்சாரம் பிறக்கும் சுருள் அசையாமல் நிற்கிறது. காந்தம்தான் சுற்றுகிறது. அந்தக் காந்தத்துக்கு வேண்டிய சில ஆம்பியர் மட்டும் பிரஷ் வழியாக உள்ளே போகிறது. பிறக்கும் பெரிய மின்சாரம் பிரஷ்ஷைத் தொடாமல் வெளியே வந்துவிடும். ஆகவே எஞ்சின் மெதுவாக ஓடினாலும் ஓரளவு சார்ஜ் ஏறும்.

ஆனால் அது மாறுதிசை மின்சாரம். பேட்டரிக்கு ஒருதிசை மின்சாரம்தான் ஆகும். அதற்காக உள்ளே டயோடுகள் வைத்திருக்கிறார்கள். டயோடு என்றால் என்ன? கிணற்றுக்குள் இருக்கிற புட்வால்வுதான். தண்ணீரை மேலே விடும், திரும்பி இறங்க விடாது. டயோடும் அப்படியே. பழைய டைனமோவில் பேட்டரி மின்சாரம் திரும்பி ஓடாமல் இருக்க கட்-அவுட் என்று தனியாக ஒன்று வேண்டியிருந்தது. ஆல்டர்னேட்டருக்கு அது தேவையில்லை.

கைக்கு அடக்கமான சிலிக்கன் டயோடு வந்த பிறகுதான் கார்களில் ஆல்டர்னேட்டர் பரவியது. அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி 1960-ம் வருஷத்து வேலியன்ட் காரில் அதை வைத்தது. நம் நாட்டில், சென்னை பாடியில் உள்ள லூகாஸ் டி.வி.எஸ். கம்பெனி 1961-ல் தொடங்கப்பட்டது. டாஃபே கம்பெனி 1960-லும், மஹிந்திரா பி-275 டிராக்டரைக் கொண்டுவந்த இன்டர்நேஷனல் டிராக்டர் கம்பெனி 1963-லும் தொடங்கியவை. அந்தக் காலத்து டிராக்டர்களும், ஜீப்புகளும், பழைய அம்பாசிடர் கார்களும் டைனமோவோடுதான் வந்தன. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 2014 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றது. அம்பாசிடரும் அதே 2014-ல் நின்றுபோனது. அந்தக் கார்களின் ஆல்டர்னேட்டர்கள் பழைய சாமான் கடைகளில் கிடைக்கின்றன. ஆகவே நம் பழைய டிராக்டர்களுக்கு அவை வந்து சேர்வதில் ஆச்சரியமில்லை.

முதலில் தேவையைக் கணக்குப் போடுங்கள்

பெரிசாக வாங்கினால் நல்லது என்று நினைக்காதீர்கள். முன்விளக்கு இரண்டு, தலைக்கு 55 வாட், ஆக 110. பின்னால் வேலை விளக்கு 55. பின்விளக்கும் நம்பர் விளக்கும் டிரெய்லர் விளக்கும் சேர்த்து ஒரு 20. மொத்தம் 185 வாட். இதை 12 வோல்ட்டால் வகுத்தால் 15 ஆம்பியருக்குச் சற்று மேல். சைகை விளக்குக்கு இன்னும் 3 அல்லது 4 ஆம்பியர். அப்போதே 19 ஆகிவிட்டது. பழைய டைனமோ பல, நல்ல வேகத்தில் ஓடினாலே 22 ஆம்பியர்தான் தரும். பேட்டரிக்கு மிச்சம் எங்கே? மெதுவாகப் போனால் பேட்டரியிலிருந்து எடுத்துத்தான் விளக்கு எரிகிறது. பெரியவரின் பேட்டரி ஏன் வருஷத்துக்கு ஒன்று செத்தது என்று இப்போது புரிகிறது அல்லவா?

ஆகவே 35 முதல் 45 ஆம்பியர் வரை தரும் ஆல்டர்னேட்டர் நமக்குத் தாராளம். அதற்கு மேல் வேண்டாம்.

இன்னொன்று. 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் எப்போதும் 45 ஆம்பியரைத் தள்ளிக்கொண்டே இருக்கும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படியில்லை. விளக்கும் பேட்டரியும் கேட்கிற அளவுக்குத்தான் தரும். ஆனால் இறங்கிப்போன பேட்டரி, வண்டி கிளம்பியதும் பசியோடு இழுக்கும். அதோடு விளக்கும் எரிந்தால் ஆல்டர்னேட்டர் முழு அளவையும் கொடுத்துவிடும். ஒயர் தாங்க வேண்டியது அந்த நேரத்தைத்தான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

ரெகுலேட்டர் உள்ளேயே அமைந்த ஆல்டர்னேட்டராகப் பார்த்து வாங்குங்கள். மோட்டாருக்கு கேட் வால்வு எப்படியோ, அப்படி வோல்டேஜைக் கட்டுப்படுத்துவது ரெகுலேட்டர். அது உள்ளேயே இருந்தால் வெளி ஒயர் குறையும், கோளாறும் குறையும்.

டீசல் கார்களின் ஆல்டர்னேட்டர் சிலவற்றில் பின்பக்கம் பிரேக்குக்கான வேக்கம் பம்ப் ஒட்டியிருக்கும். அதற்கு எஞ்சின் ஆயில் வர வேண்டும். நம் டிராக்டருக்கு அது வேண்டாத தொல்லை. பம்ப் இல்லாததாக எடுங்கள்.

கையால் சுற்றிப் பாருங்கள். கரகர என்று சத்தம் வந்தால் பேரிங் போய்விட்டது. வாங்கும் முன் கடையிலேயே சுற்றவிட்டு மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். எந்த ஒயர் எந்த முனைக்கு என்று கடைக்காரர் சொல்வதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய பிளக்கை அறுத்து எறிந்துவிடாமல், அதிலிருந்து ஒரு சாண் ஒயரோடு வாங்கிவருவது மிக நல்லது.

எர்த் எந்தப் பக்கம்?

வேலையைத் தொடங்குமுன் பேட்டரியைத் திறந்து பாருங்கள். எந்த முனையின் கேபிள் வண்டியின் இரும்பில், அதாவது சேஸிஸில், சேர்கிறது? பெரும்பாலும் மைனஸ்தான் சேரும். ஆனால் பிரிட்டிஷ் வடிவமைப்பில் வந்த மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் பிளஸ் எர்த் இருக்கும். நாம் மாட்டப்போகும் ஆல்டர்னேட்டருக்கு மைனஸ் எர்த்தான் ஆகும். மாற்றிக் கொடுத்தால் ஒரு நொடியில் டயோடு கருகிவிடும்.

பிளஸ் எர்த் வண்டியாக இருந்தால் பேட்டரியைத் திருப்பி வைத்து மைனஸை எர்த் செய்ய வேண்டும். பேட்டரியின் பிளஸ் முனை சற்றுத் தடியாக இருக்கும். அதனால் பழைய கிளாம்ப் பொருந்தாது. அடித்து இறக்காமல் சரியான கிளாம்ப் போடுங்கள். செல்ப் மோட்டாரைப் பற்றிக் கவலை வேண்டாம். சுருள் சுற்றிய பழைய வகை செல்ப் மோட்டார் எந்தப் பக்கம் கொடுத்தாலும் ஒரே திசையில்தான் சுற்றும். ஆம்பியர் மீட்டரின் இரண்டு ஒயரையும் இடம் மாற்ற வேண்டும். பெட்ரோல் வண்டியாக இருந்தால் இக்னிஷன் காயிலின் இரண்டு ஒயரையும் மாற்ற வேண்டும்.

பிறகு பேட்டரியின் எர்த் கேபிளை முதலில் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

பொருத்துவதும் பெல்ட்டும்

டைனமோ நீளமானது, ஆல்டர்னேட்டர் குட்டையானது. ஆகவே பழைய பிராக்கெட்டில் இடைவெளி விழும். அந்த இடைவெளிக்குச் சரியான நீளத்தில் லேத் பட்டறையில் ஒரு புஷ் கடைந்து போடுங்கள். வாஷரை அடுக்கி ஒப்பேற்றினால் உழவில் ஆடும் ஆட்டத்துக்கு ஆல்டர்னேட்டரின் காது உடைந்துவிடும்.

கார் ஆல்டர்னேட்டரின் புல்லியில் டிராக்டர் பெல்ட் உட்காராமல் போகலாம். பெல்ட்டுக்கு ஏற்ற புல்லியைத்தான் போட வேண்டும். கார் எஞ்சின் நிமிஷத்துக்கு 5,000 சுற்றுக்கு மேலும் போகும். நம் டிராக்டர் எஞ்சின் 2,000 சுற்றையொட்டி நின்றுவிடும். ஆகவே ஆல்டர்னேட்டர் புல்லி சிறியதாக இருக்க வேண்டும். எஞ்சின் புல்லி 15 சென்டிமீட்டர், ஆல்டர்னேட்டர் புல்லி ஏழரை சென்டிமீட்டர் என்றால், எஞ்சின் ஒரு சுற்று சுற்றும்போது இது இரண்டு சுற்று சுற்றும். 1,500-ல் உழும்போது 3,000 கிடைக்கும். அது போதும்.

இரண்டு புல்லியும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று நேரான சட்டம் ஒன்றை வைத்துப் பாருங்கள். பெல்ட்டின் நீளமான பக்கத்தை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்கலாம். அதற்கு மேல் இறங்கினால் வழுக்கும். இறங்கவே இல்லையென்றால் பேரிங் போகும்.

ஒயர்தான் உயிர்

இனிதான் முக்கியமான இடம். பெரியவரின் வண்டியில் புகை வந்த இடமும் இதுதான்.

பழைய ஒயர் இரண்டரை சதுர மில்லிமீட்டர் கனம் என்று வைத்துக்கொள்வோம். ஆம்பியர் மீட்டர் வழியாகச் சுற்றிக்கொண்டு பேட்டரிக்குப் போக மூன்று மீட்டர் நீளம். டைனமோவின் 22 ஆம்பியர் அதில் ஓடும்போது ஒயரில் பிறக்கும் சூடு சுமார் 10 வாட். காற்றோட்டத்தில் அது ஆறிவிடும். அதே ஒயரில் 45 ஆம்பியர் ஓடினால் எவ்வளவு? இரண்டு மடங்கு மின்சாரம், ஆகவே 20 வாட் என்று சொல்லத் தோன்றும். அது தப்பு. மின்சாரம் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்காகும். 40 வாட்டுக்கு மேல் போய்விடும். ஒரு முன்விளக்கு பல்பின் சூட்டை டேஷ்போர்டுக்குள், துணி சுற்றிய பழைய ஒயருக்குள் வைத்துக் கட்டினால் என்ன ஆகும்? அதுதான் அன்றைக்கு ஆயிற்று.

பழைய ஒயருக்குப் பதில் 10 சதுர மில்லிமீட்டர் கனமுள்ள செம்பு ஒயர் போட்டால், அதே 45 ஆம்பியருக்கும் அதே நீளத்துக்கும் சூடு சுமார் 10 வாட்டுக்குத் திரும்பிவிடும். ஏழரை குதிரைசக்தி மோட்டார் வைத்துவிட்டு, தண்ணீர் போக ஒரு அங்குலக் குழாய் போடுவோமா? மாட்டோம். ஒயரும் அப்படித்தான்.

மொத்தம் வேண்டியது இரண்டு அல்லது மூன்று இணைப்புதான்.

முதல் இணைப்பு, தடித்த ஒயர். ஆல்டர்னேட்டரில் பி என்றோ பி பிளஸ் என்றோ போட்டிருக்கும் பெரிய போல்ட்டிலிருந்து, செல்ப் மோட்டாரில் பேட்டரி கேபிள் வந்து சேரும் போல்ட்டுக்கு, 10 சதுர மில்லிமீட்டர் புது ஒயரை நேராக இழுங்கள். பேட்டரி கேபிள் சேரும் முனையில், ஒயரின் தொடக்கத்திலேயே, 60 ஆம்பியர் பியூஸ் ஒன்று வையுங்கள். ஏன் அந்த முனையில்? ஒயர் தேய்ந்து எங்காவது இரும்பில் பட்டால் பெரிய மின்சாரம் பேட்டரியிலிருந்துதான் பாயும். அதை வாசலிலேயே தடுக்க வேண்டும்.

இரண்டாவது இணைப்பு, எச்சரிக்கை விளக்கு ஒயர். ஆல்டர்னேட்டரில் எல் என்றோ டி பிளஸ் என்றோ போட்ட சிறிய முனை இருக்கும். சாவியிலிருந்து டேஷ்போர்டு சிவப்பு விளக்கு வழியாக வரும் ஒயர் இதில் சேர வேண்டும்.

மூன்றாவது இணைப்பு எல்லா ஆல்டர்னேட்டருக்கும் இல்லை. ஜப்பானிய வடிவமைப்பில் வந்த சிலவற்றில் ஐ.ஜி. என்று ஒரு முனை இருக்கும். அதற்கு, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஒயர் ஒன்று போக வேண்டும். சாவி இல்லாமல் நேராகப் பேட்டரியிலிருந்து கொடுத்தால் ராத்திரி முழுக்கப் பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும்.

பழைய ரெகுலேட்டர் பெட்டியை என்ன செய்வது?

அது இனி வேலை செய்யக் கூடாது. பழைய லூகாஸ் பெட்டியில் ஏ, ஏ-1, டி, எஃப், ஈ என்று ஐந்து முனைகள் இருக்கும். பெட்டிக்குப் பெட்டி எழுத்து மாறலாம். கழற்றும் முன் ஒவ்வொரு ஒயரிலும் சீட்டு எழுதிக் கட்டிவிடுங்கள்.

ஏ என்பது பேட்டரியிலிருந்து வருவது. ஏ-1 என்பது விளக்குக்கும் சாவிக்கும் போவது. இந்த இரண்டையும் ஒன்றாக இறுக்கிச் சேர்த்து மூடிவிடுங்கள். இல்லையென்றால் வண்டியில் எதுவும் எரியாது. டி முனையில் இரண்டு ஒயர் இருக்கும். தடித்தது டைனமோவிலிருந்து வந்தது. மெல்லியது சிவப்பு விளக்கிலிருந்து வந்தது. தடித்ததன் இரண்டு நுனியையும் டேப் சுற்றி ஒதுக்கிவிடுங்கள். மெல்லியதை, எஃப் முனையில் இருந்த ஒயரோடு சேருங்கள். எஃப் ஒயரின் மறுமுனை டைனமோ இருந்த இடத்துக்கே போகிறது. அங்கே அது நமக்கு எல் முனைக்கான ஒயராக அமைந்துவிடும். ஈ ஒயரை எர்த்திலேயே விட்டுவிடலாம்.

இணைக்கும் முன் ஒரு சோதனை. பேட்டரியை மாட்டி, சாவியைப் போட்டு, அந்த எல் ஒயரின் நுனியை மட்டும் இரும்பில் தொடுங்கள். சிவப்பு விளக்கு எரிய வேண்டும். சாவியை அணைத்தால் அணைய வேண்டும். இப்படி நடந்தால் ஒயர் சரி. விளக்கு எரியாமல் பட்டென்று பொறி பறந்தால் அது எல் ஒயர் அல்ல, நிறுத்திவிட்டுத் தேடுங்கள். ஒயரைக் கண்டுபிடித்ததும் பேட்டரி எர்த்தை மறுபடி கழற்றிவிட்டு இணைப்பைக் கொடுங்கள்.

சின்ன பல்பு, பெரிய வேலை

சிவப்பு விளக்கு வெறும் அடையாளம்தானே, பல்பு போனால் போகட்டும் என்று விட்டுவிடாதீர்கள். பம்பில் தண்ணீர் ஊற்றி எடுத்தால்தானே கிணற்றுத் தண்ணீர் ஏறுகிறது? அந்த முதல் தண்ணீரை ஆல்டர்னேட்டருக்கு ஊற்றுவது பல வகைகளில் இந்த பல்புதான். பல்பு வழியாகப் போகும் கொஞ்ச மின்சாரம்தான் காந்தத்தை எழுப்புகிறது. பிறகு ஆல்டர்னேட்டர் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும், விளக்கும் அணையும்.

ஆகவே 2 அல்லது 3 வாட் சாதாரண இழை பல்பு இருக்க வேண்டும். எல்.இ.டி. போட்டால் அதன் வழியாகப் போதிய மின்சாரம் போகாது. பல்பே இல்லாமல் நேர் ஒயர் கொடுத்தால் ரெகுலேட்டர் எரியக்கூடும். பழைய பெட்ரோல் கார் அல்லது ஜீப்பாக இருந்தால் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். சாவியை அணைத்த பிறகும் ஆல்டர்னேட்டரிலிருந்து மின்சாரம் திரும்பி வந்து எஞ்சின் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆம்பியர் மீட்டர் பயமுறுத்தும்

புது ஒயர் நேராகப் போய்விட்டதால் சார்ஜ் மின்சாரம் இனி ஆம்பியர் மீட்டர் வழியாகப் போகாது. விளக்கைப் போட்டால் முள் மைனஸ் பக்கமே சாயும். சார்ஜ் ஏறவில்லையோ என்று பதற வேண்டாம். அது விளக்குக்குப் போவதைத்தான் காட்டுகிறது. அதன் இடத்தில் ஒரு வோல்ட் மீட்டர் வைத்துவிட்டால் உள்ளது உள்ளபடி தெரியும்.

எஞ்சின் நிற்கும்போது நல்ல பேட்டரி 12.4-லிருந்து 12.7 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடி, ஓரளவு வேகம் கொடுத்தால் 13.8-லிருந்து 14.4 வரை ஏற வேண்டும். எல்லா விளக்கையும் போட்டாலும் 13.5-க்குக் கீழே இறங்கக் கூடாது. 15-க்கு மேல் போனால் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது. அப்படியே ஓட்டினால் பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றிவிடும்.

காலையில் எஞ்சினைக் கிளப்பும் முன் ஆல்டர்னேட்டரைத் தொட்டுப் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் டயோடு கசிகிறது என்று அர்த்தம். புட்வால்வு கசிந்தால் குழாயில் தண்ணீர் நிற்காத மாதிரி, பேட்டரியில் சார்ஜ் நிற்காது.

கடலோரத்துக்காரர்களுக்கு

கனகசெட்டிக்குளம், காலாப்பட்டு, மரக்காணம் பக்கத்து விவசாயிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நம் காற்றில் உப்பு இருக்கிறது. அது செம்பைப் பச்சையாக்கும், இரும்பைத் தின்னும். வெளியே பார்த்தால் இணைப்பு நன்றாகத்தான் இருக்கும். உள்ளே பிடிப்பு இருக்காது. எத்தனை பெரிய ஆல்டர்னேட்டர் வைத்தாலும் திரும்பி வரும் எர்த் வழி அடைபட்டிருந்தால் பயனில்லை.

எஞ்சினிலிருந்து சேஸிஸுக்கும், சேஸிஸிலிருந்து பேட்டரிக்கும் போகும் எர்த் பட்டைகளைக் கழற்றி, பெயின்டையும் துருவையும் சுரண்டி, பளபளப்பான இரும்பில் இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். சோதிப்பதும் எளிது. எஞ்சின் ஓடி, விளக்கு எரியும்போது மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டர் உடம்பிலும் மறுமுனையைப் பேட்டரி மைனஸிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

மல்லாட்டை அடிக்கும் காலத்தில் தூசி ஆல்டர்னேட்டருக்குள் போய் அடைத்துக்கொள்ளும். அறுவடை முடிந்ததும் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள்.

செய்யக் கூடாத நாலு

ஒன்று: எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்கக் கூடாது. டைனமோ காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேட்டரில் செய்தால் வோல்டேஜ் துள்ளி, டயோடும் ரெகுலேட்டரும் போகும்.

இரண்டு: பெரிய ஒயரை இரும்பில் தட்டிப் பொறி வருகிறதா என்று பார்க்கக் கூடாது. பல்பு வழியாக வரும் எல் ஒயரைத் தொட்டுப் பார்ப்பது வேறு, இது வேறு.

மூன்று: டிராக்டரிலோ, மாட்டியிருக்கும் கலப்பையிலோ, டிரெய்லரிலோ வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி கேபிள்களையும் ஆல்டர்னேட்டர் ஒயர்களையும் கழற்றிவிட வேண்டும். கொழுவுக்கு வெல்டிங் வைக்கப்போய் ஆல்டர்னேட்டரைத் தொலைத்தவர்கள் உண்டு.

நாலு: அடுத்த வண்டிப் பேட்டரியிலிருந்து ஒயர் போட்டுக் கிளப்பும்போது பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. இருட்டில், அவசரத்தில்தான் இந்தத் தப்பு நடக்கும். பேட்டரியின் பிளஸ் பக்கம் சிவப்புப் பெயின்ட் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள்.

விவசாயப் பெருமக்களே, இந்த வேலையை எல்லோரும் தாமே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நல்ல எலக்ட்ரீஷியனிடமே கொடுங்கள். ஆனால் பக்கத்தில் நின்று மூன்று கேள்வி கேளுங்கள். "எந்தக் கனத்தில் ஒயர் போடுறீங்க? பியூஸ் எங்கே வெக்கிறீங்க? பழைய பெட்டியை எடுத்தாச்சா?" இந்த மூன்றுக்கும் பதில் சரியாக வந்தால் உங்கள் வண்டி பத்திரம். ஒயருக்கும் பியூஸுக்கும் ஆகும் செலவு, ஆல்டர்னேட்டர் விலையைப் பார்க்கக் கொஞ்சம்தான். மிச்சம் பிடிக்கிற இடம் அது அல்ல.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு நல்ல ஆல்டர்னேட்டரும் ஒருநாள் மக்கர் பண்ணும். ஆகவே டிரெய்லரின் பின்னாலும் பக்கவாட்டிலும் ஒளி எதிரொலிக்கும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அதற்கு மின்சாரம் வேண்டாம். வருகிற வண்டியின் வெளிச்சமே போதும்.

அந்தப் பெரியவரின் டிராக்டர் இப்போது நன்றாக ஓடுகிறது. ஒயர் மாற்றிய அன்று ராத்திரி எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, அவர் பத்தடி பின்னால் போய் நின்று பின்விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "முன்னாடி வெளிச்சம் எனக்கு சார்; பின்னாடி வெளிச்சம் வர்றவனுக்கு. அவனுக்கும் வீடு இருக்கில்ல" என்றார். அவர் உள்ளங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், எந்த யோசனையையும் பாதியில் நிறுத்தக் கூடாது என்று நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள் டிராக்டரிலும் டைனமோ இருந்தால், அடுத்த உழவுக்கு முன் ஒருநாள் ஒதுக்கி ஒயரைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதி உழவர் உதவியகத்துக்கு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.